சுழி, கணவாய், காட்டுச் சாமி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கதைகளும் களமும்

மேலகிரி:
நம்ம ரெண்டு மாவட்டத்திலயும் ஆள் விழுற பாறை, வண்டி கவிழ்ற திருப்பம், யானை இறங்குற ஓடை எதுவானாலும் பக்கத்துலயே ஒரு சாமியும் ஒரு கதையும் இருக்கும். அதையெல்லாம் இங்க சேர்க்கலாம். ஒரே வேண்டுகோள்: "எங்க தாத்தா கண்ணால பார்த்தாரு" வகை வேண்டாம். அந்த இடத்துக்குப் போற ஆளுக்கு என்ன எதிர்ப்படும், ஊர் என்ன சொல்லுது, நிஜத்துல ஆபத்து எங்கிருந்து வருது, தப்பிக்க என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க.

யானையில தொடங்கறேன். பன்னேர்கட்டா காட்டுலேர்ந்து ஐப்பசி, கார்த்திகை வாக்குல கூட்டம் கூட்டமா ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு பக்கம் இறங்கும். வர்றது ராகிக்கு. கதிர் முத்துற காலமும் கூட்டம் வர்ற காலமும் ஒண்ணு. காட்டோர ஊர்கள்ல பொழுது சாய்ஞ்சா அதோட பேரைச் சொல்ல மாட்டாங்க, "சாமி"ன்னுதான் சொல்வாங்க. பேரைச் சொன்னா வந்து நிக்கும்னு நம்பிக்கை.

கேலி பண்றதுக்கு முன்னாடி ஒண்ணைக் கவனிக்கணும். அவ்வளவு பெரிய உடம்பு நடக்குறது காதுல விழாது. பாதத்துக்கு அடியில மெத்தை மாதிரி கொழுப்புத் திசு, காலை வைக்கிறப்ப அப்படியே அமுங்கி விரியும். இருட்டுல கேக்குறது மூணே மூணு சத்தம்: கிளை முறியுறது, காது கழுத்துல தப்பு தப்புன்னு அடிக்கிறது, தொண்டைக்குள்ள உருள்ற அடங்கின உறுமல். சத்தமாப் பேசிக்கிட்டு நடந்தா மூணுமே அமுங்கிப் போயிடும். பேர் சொல்லாத ஊர்ல ராத்திரி யாரும் கத்திப் பேசறதில்லை. கதையால கிடைச்ச லாபம் அதுதான்.

எதிர்ப்பட்டா முதல்ல காதைப் பாருங்க. காதை விசிறிக்கிட்டே மேயுற யானை நிம்மதியா இருக்கு. விசிறல் சட்டுன்னு நின்னா உங்களைக் கேக்குதுன்னு அர்த்தம். தும்பிக்கையைத் தூக்கினா மோப்பம் பிடிக்குது. காதை அகல விரிச்சு, தலையை நிமிர்த்தி, புழுதி கிளப்பி ஓடி வந்து நின்னா அது பெரும்பாலும் மிரட்டல். காதைப் பின்னால ஒட்ட வச்சு, தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கிட்டுச் சத்தமில்லாம வந்தா அது மிரட்டல் இல்லை. காத்து உங்க முதுகுலேர்ந்து அது பக்கம் அடிச்சா ஒளிஞ்சு பிரயோஜனமே இல்லை, வாசம் முன்னாடியே போயிடும்.

பைக்ல போறவங்க தூரத்துலயே நிறுத்தணும். ஹாரன் கூடாது, லைட்டை அணைச்சு அணைச்சுப் போடக்கூடாது. இன்ஜின் ஓட்டத்திலேயே மெதுவாத் திருப்பணும். விடியக்காலம் இருட்டுல ஏரிக்கரைப் பக்கம் தனியா ஒதுங்கப் போறதுதான் உள்ளதிலேயே மோசம், அது காட்டுக்குத் திரும்புற நேரம். செல்ஃபோன் வெளிச்சம் காலடிக்கு மட்டும்தான் உதவும், நல்ல டார்ச் வேணும். இன்னொண்ணு: இந்தக் காட்டுல பெரும்பகுதி 2014ல காவிரி வடக்கு, 2022ல காவிரி தெற்குன்னு வனவிலங்கு சரணாலயம் ஆயிடுச்சு. அனுமதி இல்லாம உள்ளே நுழைஞ்சா யானைக்கு முன்னாடி வனத்துறை பிடிக்கும்.

பரிசல்துறை:
ஒகேனக்கல்லுக்கு வர்றேன். இங்க ரெண்டு கதை ஓடுது. ஒண்ணு தலபுராணம்: பிரம்மா யாகம் பண்ணின இடம், அந்தப் புகைதான் இன்னும் எழும்புதுன்னு. அதனால யாருக்கும் கெடுதல் இல்லை, புகை மாதிரி தெரியுறது தண்ணி பாறையில மோதித் தெறிக்கிற சாரல். ரெண்டாவது கதைதான் வம்பு. ஆறு வருஷா வருஷம் காவு கேக்கும், கேட்டா ஆள் அகப்படும், மூணு நாள் வச்சிருந்து திருப்பிக் கொடுக்கும்.

மூணு நாள் கணக்கு எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, உயிர் போன உடம்பு முதல்ல அடியில தங்கும். உள்ளே அழுகி வாயு சேர்ந்த பிறகுதான் மேல வரும். நம்ம ஊர்ச் சூட்டுக்கு அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். குளிர்காலம்னா கூடுதல், பாறை இடுக்குல மாட்டிக்கிட்டா வரவே வராது. ஊர் கண்டதைத்தான் சொல்லியிருக்கு, காரணத்தை மட்டும் சாமி மேல போட்டுடுச்சு.

இனி அந்தப் பாறையைப் பாருங்க. கோடையில தண்ணி இறங்கினதும் நடந்து போனா வட்ட வட்டமா குழிகள் தெரியும். சிலது முழங்கால் ஆழம், சிலதுல ஆளே நிக்கலாம். வெள்ளத்துல வர்ற கூழாங்கல் ஒரு பள்ளத்துல சிக்கிச் சுத்திக்கிட்டே இருந்தா, ஆட்டுக்கல்லுக்குள்ள குழவி உருளுற மாதிரி பாறையைத் தேய்ச்சுக் குடையும். அடியில கூழாங்கல் வழுவழுன்னு கிடக்கும், கைவிட்டு எடுக்கலாம். ஒரு குழியும் பக்கத்துக் குழியும் அடியில ஒண்ணாச் சேர்ந்திருக்கிறதும் உண்டு. மேல இடுப்பளவு தண்ணி, பச்சையா, அசையாம இருக்கும். ஆழம் அவ்வளவுதான்னு நினைச்சுக் காலை வச்சா தரை இல்லை. இடுக்குல பாதம் மாட்டிக்கிட்டா பின்னாலேர்ந்து வர்ற தண்ணி முதுகைத் தள்ளி முகத்தைக் கவுத்துடும். நீச்சல் தெரிஞ்சவனும் இதுல போறான்.

அருவி விழுற இடத்துல வேற கணக்கு. விழுந்த தண்ணி அடிக்குப் போய் மேல எழும்பி, ஒரு பகுதி மறுபடி அருவியை நோக்கியே திரும்பும். அகப்பட்டவனைத் திரும்பத் திரும்ப விழுற தண்ணிக்கு அடியில கொண்டு போறது அதுதான். வெள்ளை நுரையில பாதி காத்து, உடம்பு மிதக்காது, கையை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. கரையைப் பார்த்து நேரா எதிர்நீச்சல் போடுறவன் அரை நிமிஷத்துல களைச்சுடுவான். பக்கவாட்டுல ஒதுங்கி, ஓட்டத்தோட கீழே போய், வேகம் குறைஞ்ச இடத்துல கரையேறணும்.

பரிசல் கவிழ்றதுக்கு முக்காவாசிக் காரணம் ஆள்தான். ஒரு பக்கம் முதலை தெரியுதுன்னோ, படம் எடுக்கவோ எல்லாரும் ஒரே பக்கம் சாயுறது. அடி தட்டை, பிடிக்க முதுகெலும்பு கிடையாது. ஓரம் ஒரு சாண் இறங்கினா தண்ணி உள்ளே. எதிரெதிரா தரையில குந்தி உக்காருங்க, எழுந்து நிக்காதீங்க. லைஃப் ஜாக்கெட்டைத் தோள்ல மாட்டிக்கிட்டு பக்கிளைப் போடாம விடுறவங்கதான் அதிகம். தண்ணில விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேல ஏறி முகத்தை மறைக்கும், ஆள் கீழே நழுவுவான். எல்லா பக்கிளும் போட்டு, தோள்பட்டையில பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. காது வரைக்கும் வந்தா அது உங்க அளவு இல்லை.

தண்ணி ஏறுறது இங்க பெய்யுற மழையால இல்லை. குடகுலயும் வயநாட்டுலயும் பெய்ஞ்சு கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் திறந்தா இங்க வெயில் அடிக்கிறப்பவே ஆறு ஏறும். காவிரி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற பிலிகுண்டுலுவுல மத்திய நீர் ஆணையம் எடுக்கிற அளவுதான் நமக்குக் கணக்கு. ஒரு கன அடின்னா 28.3 லிட்டர். நொடிக்கு 10,000 கன அடின்னு செய்தியில படிச்சா, நொடிக்கு 2.83 லட்சம் லிட்டர் உங்க முன்னாடி போகுதுன்னு அர்த்தம். 2018, 2022, 2024 வெள்ளத்துல அது ஒரு லட்சம் கன அடியைத் தாண்டினப்ப ஐந்தருவின்னு ஒண்ணு இருந்த தடமே தெரியலை. கரையில நிக்கிறவங்களுக்கு முதல் அடையாளம் நிறம்: பச்சை கலங்கிச் செம்மண் ஏறும். கூடவே சருகும் சுள்ளியும் நுரைத் திட்டும் மிதந்து வரும். கண்ணுல பட்ட அந்த நிமிஷமே பாறையை விட்டு இறங்கணும், செருப்பைத் தேடக் கூடாது.

அஞ்செட்டி டீச்சர்:
பரிசல்துறை அண்ணா சொன்னதில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். காவுக் கதையை "வம்பு" என்றீர்கள், சரிதான். ஆனால் ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். "ஆபத்தை எச்சரிக்கத்தான் முன்னோர் கதை கட்டினார்கள்" என்று எல்லாக் கதைக்கும் ஒரே விளக்கம் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எச்சரிக்கும் கதை வேறு, சமாதானம் சொல்லும் கதை வேறு.

உச்சிவேளையில் மடுவில் கன்னிமார் குளிப்பார்கள், அப்போது அங்கே போகக் கூடாது என்பது முதல் வகை. இடமும் நேரமும் அதிலேயே இருக்கின்றன. சின்னாறு மாதிரி ஓடைகள் வறண்டு, அங்கங்கே மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும் பங்குனி, சித்திரையில் காட்டு விலங்குகளுக்கும் போக்கிடம் அந்த மடுதான். வெயில் உச்சியில் யானைகள் தண்ணீருக்கும் நிழலுக்கும் அங்கேதான் ஒதுங்கும். காவிரிக்கரையில் மாசி முதல் சித்திரை வரை முதலை மணல்மேட்டில் முட்டையிட்டு, தாய் பக்கத்திலேயே காவல் கிடக்கும். கன்னிமாரை நம்புகிறவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார். நம்பாதவரும் இருக்காமல் இருப்பது நல்லது.

காவு கேட்கிறது என்பது இரண்டாம் வகை. எந்த இடம், எந்த நேரம் என்று அதில் எதுவுமே இல்லை. யாராவது போன பிறகுதான் அதைச் சொல்கிறார்கள். அதைச் சொன்னதும் கேள்வி முடிந்துவிடுகிறது: அங்கே கம்பி வேலி இருந்ததா, பக்கிள் போட்டிருந்தாரா, குடித்திருந்தாரா, தடை போட்ட நாளில் எந்த வழியாக உள்ளே போனார். ஒரே பாறையில் மூன்றாவது ஆள் விழும்போதும் "இந்த வருஷக் காவு" என்றால், நான்காவது ஆளுக்கும் அந்தப் பாறை அப்படியேதான் இருக்கும்.

அரூர் வடக்கு:
டீச்சர் சொன்னது சரி. எங்க பக்கத்துக் கதையில பயமுறுத்தலே கிடையாது, சும்மா அழகா இருக்கும். தீர்த்தமலையில ராமர் சிவபூசை பண்ண, அனுமாரைக் காசிக்குக் கங்கை நீர் எடுக்க அனுப்பினார். வர நேரமாச்சு. ராமர் மலையில அம்பு விட்டார், தண்ணி வந்துச்சு. தாமதமா வந்த அனுமார் கோபத்துல கொண்டுவந்த தண்ணியை வீசினார், அது தென்பெண்ணைக் கரையில விழுந்து அனுமந்த தீர்த்தமாச்சு. அங்க குளிச்சுட்டு இங்க மலையேறுறது முறை.

மலைமேல ராமர் தீர்த்தம் கோடையிலயும் நிக்காம விழும். மழைத்தண்ணி பாறை வெடிப்புகள்ல இறங்கித் தங்கி, மெதுவாக் கசியுறதுதான். வழியில குரங்குத் தொல்லை உண்டு, பிளாஸ்டிக் பை கையில தெரிஞ்சா போச்சு.

நிஜ ஆபத்து கீழே ஆத்துல. கிருஷ்ணகிரி அணையில மதகு திறந்தா கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்னு அஞ்சு மாவட்டத்துக் கரையோரத்துக்கும் எச்சரிக்கை போகும். அந்தச் செய்தி வந்த நாள்ல தீர்த்தத்துல இறங்கக் கூடாது, படிக்கட்டுல உக்காந்து சொம்புல மொண்டு ஊத்திக்கிட்டா போதும். மேல மதகைத் திறந்தாத்தான் வெள்ளம்னும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டி, ஏரி நிரம்பி, ரோட்டோரம் நின்ன வண்டிகளையே இழுத்துக்கிட்டுப் போச்சு.

தொப்பூர் இறக்கம்:
44ம் நம்பர் நெடுஞ்சாலையில தருமபுரியிலேர்ந்து சேலம் போறப்ப இறங்குற கணவாயைச் சொல்லாம இந்தப் பேச்சு முடியாது. இரட்டைப் பாலம் பக்கத்துல ராத்திரி வெள்ளைப் புடவை கை காட்டும், பார்த்த டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிப்பான்னு கதை.

புடவையை விடுங்க. நீளமான இறக்கம், வளைவு, லோடு வண்டி. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறாங்க. கியர் இல்லாம இன்ஜின் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது, மொத்த எடையும் பிரேக் டிரம்முக்குத்தான். கால் எடுக்காம மிதிச்சா டிரம் சூடாகி விரிஞ்சு லைனரை விட்டு விலகும், லைனரும் வழுக்கும். அப்ப பெடல் இறங்கும், வண்டி நிக்காது. இன்ஜினையும் ஆஃப் பண்ணி விட்டா கம்ப்ரசர் ஓடாது, மிதிக்க மிதிக்க பிரேக்குக்கான காத்து தீரும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாயிடும். லைனர் கருகுற வாடை வந்துச்சுன்னா கடைசி எச்சரிக்கை அது.

எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்கணும். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு வச்சு, ஃபுட் பிரேக்கை நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சு விட்டுடணும், லேசா மிதிச்சுக்கிட்டே வரக் கூடாது. டிரம் கொதிக்கிறப்ப தண்ணி ஊத்தினா வெடிப்பு விடும், தானா ஆற விடுங்க. கணவாய்க்கு முன்னாடி நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டுற பழக்கம் நம்ம டிரைவர்கள்கிட்ட உண்டு. அந்தப் பத்து நிமிஷத்துல டிரம் கொஞ்சம் ஆறும், டயரைத் தட்டிப் பார்க்கலாம், கண்ணும் முழிக்கும். விடியக்காலை ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் தூக்கம் கண்ணைக் கட்டுற நேரம். புடவை தெரியுறதும் பெரும்பாலும் அந்த நேரத்துலதான், ரெஃப்ளெக்டர் ஸ்டிக்கர்கூட ஆளா நிக்கும்.

நடுகல் தேடி:
டீச்சர் இரண்டு வகை சொன்னார். மூன்றாவது ஒன்று உண்டு: நடந்ததைக் கல்லில் வெட்டிவைத்து, பிறகு நடந்தது மறந்து, கல் மட்டும் சாமியானது. நம் பகுதியில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல நடுகற்கள்தான். வில்லும் வாளுமாக நிற்கும் வீரன், காலடியில் மாடுகள் இருந்தால் ஆநிரைச் சண்டையில் பட்டவன். வீரன் முன்னால் புலி பின்னங்காலில் எழுந்து நிற்க, அதன் மேல் குத்துவாள் இறங்கியிருந்தால் அது புலிகுத்திக் கல். எழுத்து இருந்தால் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், இன்னார் மகன் இன்னான், எதில் பட்டான் என்று சுருக்கமாக இருக்கும். பழைய கற்களில் அது வட்டெழுத்து. "இந்தக் காட்டில் வேடியப்பன் புலியை அடக்கினார்" என்று ஊர் சொல்லும்போது பாதி புராணம், பாதி ஆவணம்.

ஆபத்தான இடமே கதைக்கு மதிப்புக் கூட்டுவதும் உண்டு. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனி புறநானூறு 91ஆம் பாட்டில் வருகிறது. பெருமலைப் பிளவில், ஏற முடியாத உச்சியில் பறித்தது என்று அந்தப் பாட்டே சொல்கிறது. அடிவாரத்தில் பொறுக்கிய நெல்லியாக இருந்திருந்தால் பாட்டு இருந்திருக்காது.

எந்த ஆபத்தோடும் சேராத கதைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் மோரல் பாறை. நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பலகையில் வட்டமான இடுதுளை. இவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். ஊருக்கு அவை பாண்டவர் வீடு, குள்ளர் வீடு. துளையின் அளவைப் பார்த்தால் கதை பிறந்த இடம் புரியும், குள்ளர்தான் அதில் நுழைய முடியும். அங்கே போகிறவர்கள் உள்ளே தவழ்ந்து போக வேண்டாம். நிழல் தேடிப் பாம்பும் தேளும் இருக்கும், மூடுகல்லின் அடியில் தேனடை இருக்கலாம். புதையல் என்று நம்பித் தரையைத் தோண்டியவர்கள் பலகைகளின் பிடிமானத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். சாய்ந்திருக்கும் மூடுகல்மேல் ஏறவே கூடாது.

மேலகிரி:
சார், எங்க பக்கத்து வேடியப்பன் கல்லுல எழுத்து இருக்குற மாதிரி தெரியுது. சுண்ணாம்பு தடவிப் படம் எடுக்கலாமான்னு பசங்க கேக்குறாங்க.

நடுகல் தேடி:
வேண்டாம் தம்பி. சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு எதுவும் கூடாது. எழுத்தின் பள்ளத்தில் இறங்கினால் எடுக்கவே வராது. நாம் எழுத்தென்று நினைத்துப் பூசிய கோடே பிறகு எழுத்தாகிவிடும். முதலில் பூசாரியிடம் கேளுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். காலை ஏழு மணிக்குள், அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து தானே எழும்பும். மேகமூட்டமாக இருந்தால் கண்ணாடியை வைத்தோ டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தோ அதே வேலையைச் செய்யலாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம், முழுக் கல் ஒரு படம், எழுத்து வரி வரியாகக் கிட்டத்தில்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பதென்றால், தெரிந்தவரை வைத்துத்தான். கல்லைத் தண்ணீரும் நார்ப் பிரஷ்ஷும் கொண்டு கழுவி (கம்பி பிரஷ் ஆகாது), நனைத்த தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்க வேண்டும். தாள் அரை ஈரமாக இருக்கும்போதே மை ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமென்றால் மை பரவி எழுத்து அடைபடும், காய்ந்துவிட்டால் தாள் கிளம்பிவிடும். வேடியப்பன் கற்களில் வரும் தொல்லை எண்ணெய். வருஷக்கணக்கில் ஊற்றிய எண்ணெய் படிந்த கல்லில் ஈரத்தாள் ஒட்டாது, குமிழி விட்டு நிற்கும். அதைச் சோப்புப் போட்டோ ஆசிட் ஊற்றியோ கழுவக் கிளம்பினால் ஊரோடு சண்டை வரும், கல்லும் கெடும். அந்த மாதிரிக் கல்லுக்குச் சாய்ந்த வெளிச்சப் படமே போதும். அதை எடுத்துத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். கல்லை மட்டும் இடத்தைவிட்டு நகர்த்த வேண்டாம்.